பேனா யார் கையில் இருக்க வேண்டும்?

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், சனிக்கிழமை மாலைப் படிப்பு நேரம் குறித்த விவாதத்தின்போது ஆற்றிய உரை. உறுப்பினர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வங்கியில் முப்பத்தைந்து வருடம் கிளார்க்காக இருந்தவன் நான். பணத்தை எண்ணிக் கொடுப்பது போல நிமிடத்தையும் எண்ணிப் பேசிவிடுவேன், கவலைப்பட வேண்டாம்.

நம் சங்க அறையில் சனிக்கிழமை மாலை நடக்கும் படிப்பு நேரத்திற்கு இன்னும் ஆட்கள் வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் என் மகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தற்பெருமை பேச வந்திருக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். முடிக்கும்போது பெருமை யாருக்கு, தலைகுனிவு யாருக்கு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

என் மகள் கோயம்புத்தூரில் பி.எஸ்சி. அக்ரி முடித்துவிட்டு, 2021இல் மண்ணியல் படிக்க அமெரிக்கா போனாள். நடு மேற்குப் பகுதியில் ஒரு அரசுப் பல்கலைக்கழகம். சுற்றிலும் சோளமும் சோயாவும்தான். போன முதல் பருவத்தில் அவள் எழுதிக் கொடுத்த ஆய்வறிக்கையைப் பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "தகவல் எல்லாம் இருக்கிறது, நீ என்ன சொல்கிறாய் என்பது மட்டும் இல்லை" என்று எழுதியிருந்தாராம். இங்கே பள்ளியிலிருந்து கல்லூரி வரை ஆங்கிலத்தில் 90க்குக் கீழே வாங்காத பெண். ராத்திரி போன் செய்து அழுதாள். நான் என்ன சொன்னேன்? "எனக்கு அனுப்பு, நான் திருத்தித் தருகிறேன்" என்றேன். மண்ணியலில் எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் சொன்னேன். வாய்க்குப் பழகிப்போன வார்த்தை.

அவள் அனுப்பவில்லை. யாரோ சொன்னார்கள் என்று நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த எழுத்து உதவி மையத்திற்குப் போயிருக்கிறாள். அங்கே அதை ரைட்டிங் சென்டர் என்கிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இப்படி ஒன்று இருக்கிறது. எழுதுவதில் தடுமாறும் எந்த மாணவரும் நேரம் குறித்துக்கொண்டு போகலாம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேராசிரியர் இல்லை, இன்னொரு மாணவர். அவருக்குப் பெயர் டியூட்டர். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். மார்க் போடமாட்டார்கள். என்ன பேசினார்கள் என்பதும் வெளியே போகாது.

இது எப்படி வந்தது என்று மகள் மூலம் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். 1930களிலேயே அயோவா, மின்னசோட்டா போன்ற பல்கலைக்கழகங்களில் எழுத்துக்கென்று தனி அறைகள் இருந்திருக்கின்றன. பெரிய மாற்றம் வந்தது 1970இல். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், அந்த நகரத்தில் பள்ளிப் படிப்பை முடித்தவர் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டது. அதுவரை கல்லூரி வாசலையே மிதிக்காத குடும்பங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் வந்தார்கள். கல்லூரி உதவி செய்யத் தயாராக இருந்தது. ஆனால் ஆசிரியர் முன்னால் போய் "எனக்கு எழுத வரவில்லை" என்று சொல்லப் பிள்ளைகள் தயாராக இல்லை. அங்கே புரூக்ளின் கல்லூரியில் கென்னத் புரூஃபி என்ற ஆசிரியர், மாணவர்களையே பயிற்றுவித்து மாணவர்களுக்கு உதவ உட்கார வைத்தார். நமக்குப் புரியாததா இது? மேனேஜர் அறைக்குள் போகக் கூச்சப்படுகிறவர், வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் "இந்த செலான்ல என்ன எழுதணும்?" என்று கேட்பார் இல்லையா, அதுதான்.

பிறகு 1976இல் இண்டியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மியூரியல் ஹாரிஸ் என்ற அம்மையார் ஒரு எழுத்துக் கூடம் தொடங்கினார். 1990களில் அதிலிருந்து வந்த இணையதளத்தைத்தான், மேற்கோள் எப்படிக் காட்டுவது என்று பார்க்க நம் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளும் இன்று திறக்கிறார்கள். 1984இல் ஸ்டீபன் நார்த் என்ற பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். எழுத்து மையத்தை எல்லோரும் பிழை திருத்தும் கடையாக நினைக்கிறார்களே என்ற ஆதங்கத்தில் எழுதியது. மையத்தின் வேலை கட்டுரையைச் சரிசெய்வது அல்ல, அதை எழுதுகிறவரை வளர்ப்பது என்பது அவர் வாதம். கேட்கச் சுலபமாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும்.

ஒரு வருடம் அந்த மையத்திற்கு உதவி கேட்டுப் போய்க்கொண்டிருந்த என் மகள், 2022இல் அங்கேயே டியூட்டர் வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். எஃப்-1 விசாவில் படிக்கிறவர்கள் கல்லூரி நடக்கும் நாட்களில், வளாகத்துக்குள்ளே வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். துறையில் 10 மணி நேரம் ஏற்கெனவே இருந்தது. மீதி 10 மணி நேரத்தை இதற்கு ஒதுக்கினாள்.

"ஆங்கிலம் எனக்குத் தாய்மொழியே இல்லை, நான் போய் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?" என்று தயங்கியிருக்கிறாள். மையத்தின் இயக்குநர் சிரித்துவிட்டு, "அவர்களுக்குக் காதால் தெரியும், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நீ விதியைப் படித்து வந்தவள், உனக்குக் காரணம் சொல்லத் தெரியும்" என்றாராம்.

விண்ணப்பத்தோடு ஒரு கடிதம், தான் எழுதிய கட்டுரை ஒன்று, பேராசிரியரின் பரிந்துரை, இவ்வளவும் கேட்டார்கள். கடிதத்தை வாட்ஸ்அப்பில் எனக்குக் காட்டினாள். நான் விடுவேனா? ராத்திரி உட்கார்ந்து முழுதும் மாற்றி, "வித் ரெஃபரன்ஸ் டு தி அபவ்" என்று ஆரம்பித்து, வட்டார அலுவலகத்துக்கு எழுதுகிற மாதிரி ஒன்றரைப் பக்கம் அனுப்பினேன். "தேங்க்ஸ்ப்பா" என்று பதில் வந்தது. அவள் அனுப்பியது தன் கடிதத்தைத்தான் என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும்.

நேர்முகத்தில் ஒரு கட்டுரையைக் கையில் கொடுத்தார்களாம். எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை, தலைகால் இல்லாத வாதம் எல்லாம் இருக்கும். "இதை எழுதிய மாணவர் உன் எதிரில் இருக்கிறார். முதலில் எதைப் பற்றிப் பேசுவாய்?" என்பது கேள்வி. நாமாக இருந்தால் முதல் வரியிலேயே எழுத்துப்பிழையைப் பிடிப்போம். அங்கே எதிர்பார்ப்பது வேறு. கேட்ட கேள்விக்குக் கட்டுரை பதில் சொல்கிறதா, மையமான கருத்து என்ன, அது வரிசையாக வருகிறதா, இதெல்லாம் முதலில். கமாவும் முற்றுப்புள்ளியும் கடைசியில். தூக்கி எறியப்போகிற பத்திக்குக் கமா போட்டு என்ன பயன்?

வேலை கிடைத்ததும் நேராக உட்கார வைத்துவிடவில்லை. பருவம் தொடங்குமுன் சில நாள் பயிற்சி. பிறகு அனுபவமுள்ள டியூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது. அப்புறம் இவள் நடத்த, அவர்கள் பார்ப்பது. வாரம் ஒரு கூட்டம். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு சிறு குறிப்பு எழுதி வைக்க வேண்டும். நம் வங்கியில் புதிதாக வந்தவரை கேஷ் கவுண்டரில் தனியாக உட்கார வைக்கமாட்டோம் அல்லவா, அதே முறைதான்.

அவளுடைய முதல் வாரத்திலேயே ஒரு தவறு நடந்தது. முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன், விவசாயக் குடும்பம், வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் பிள்ளை. இரவு 12 மணிக்குள் கட்டுரையைச் சமர்ப்பிக்க வேண்டும். முகத்தைப் பார்த்து இவளுக்கு இரக்கம் வந்துவிட்டது. பேனாவை எடுத்தாள். அடித்தாள், மாற்றினாள், இரண்டு பத்தியைத் தானே எழுதினாள். அவன் நன்றி சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் போனான். இவளுக்கும் சந்தோஷம். அடுத்த வாரம் அதே பையன், வேறு கட்டுரை, அதே தவறுகள். தாளை இவள் முன்னால் தள்ளிவைத்துவிட்டு செல்போனை எடுத்துக்கொண்டான். துணி தேய்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற மாதிரி.

அவனைக் குறை சொல்ல முடியாது, அப்படிப் பழக்கியது நான்தானே என்றாள் மகள். மூத்த டியூட்டர் ஒருவர் அவளுக்குச் சொன்ன யோசனை எளிது. எதிரில் உட்காராதே, பக்கத்தில் உட்கார். தாள் அவன் பக்கம் இருக்கட்டும். உன் கையில் பேனாவே வேண்டாம். அவனையே வாய்விட்டுப் படிக்கச் சொல். எங்கே தடுக்குகிறானோ அங்கே அவனே நிற்பான்.

அடுத்த முறை அவள், "இதில் என்ன சொல்ல வருகிறாய்? பார்க்காமல் சும்மா சொல்லு" என்று கேட்டிருக்கிறாள். அவன் கட்டுரையை விட்டுவிட்டு, அவன் அப்பா நிலத்தில் மழைக்காலத்தில் மேல்மண் எப்படி அடித்துக்கொண்டு போகிறது என்று ஐந்து நிமிடம் தெளிவாகப் பேசினான். "இப்போது சொன்னாயே, அதை அப்படியே எழுது" என்று சொல்லிவிட்டு இவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாளாம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் கை சும்மா இருக்காது என்று பயம்.

ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. எல்லாவற்றுக்கும் "நீயே யோசி, நீயே யோசி" என்று கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அதுவும் கொடுமை. சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் "எ" எங்கே, "தி" எங்கே என்பது எத்தனை முறை வாய்விட்டுப் படித்தாலும் காதில் விழாது. நம் மொழியைப் போலவே அவர்கள் மொழியிலும் அந்த வழக்கம் இல்லை. அங்கே விதியை நேராகச் சொல்லிவிட வேண்டும். ஒரு இடத்தில் காட்டி, இரண்டாவது இடத்தை அவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். தெரியாததைச் சொல்லிக்கொடு, தெரிந்ததை வெளியே கொண்டுவா. எது எது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வேலையின் கஷ்டம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2023இல் நானும் என் மனைவியும் மகளோடு சில மாதம் தங்கியிருந்தோம். அக்டோபர் மழையில் நம் இரண்டாவது தெருவிலும் நான்காவது தெருவிலும் மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டு வீட்டு வாசல் வரை தண்ணீர் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். செயலாளர் என்னை வாட்ஸ்அப்பில் பிடித்து, மாநகராட்சிக்கு மனு எழுதித் தரச் சொன்னார். மூன்று பக்கம் எழுதினேன். எழுதி முடித்த பெருமையில், "பாரும்மா, எப்படி வந்திருக்கு?" என்று மகளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. சமையலறை மேஜையில் எனக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "நீங்களே சத்தமா படிங்கப்பா" என்றாள்.

படித்தேன். முதல் பக்கம் முழுதும் நம் சங்கத்தின் வரலாறு. 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டது, பதிவு எண், முன்னாள் தலைவர்கள் யார் யார். இரண்டாவது பக்கம் இதற்குமுன் கொடுத்த மனுக்களின் பட்டியல். "என்பதையும், என்பதையும்" என்று ஒரே வாக்கியம் பதினோரு வரி ஓடியது. நடுவில் எனக்கே மூச்சு வாங்கியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

முடித்ததும் கேட்டாள். "இதைப் படிக்கப்போறவர் மேஜையில இன்னைக்கு எத்தனை மனு இருக்கும்ப்பா?"

"மழைக்காலம். நூறாவது இருக்கும்."

"அவர் முதல்ல எதைத் தேடுவார்?"

"எந்த இடம், என்ன செய்யணும், அதைத்தான்."

"அது எங்க இருக்கு?"

மூன்றாவது பக்கத்தைத் திருப்பினேன். கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது. இத்தனை வருடம் கவுண்டரில் உட்கார்ந்து, "என்ன வேணும்னு முதல்ல சொல்லுங்க சார்" என்று எத்தனை பேரிடம் எரிந்து விழுந்திருப்பேன்!

எனக்கு எரிச்சல் வந்தது. "சரி, நீயே மாத்திக் குடுத்துடேன், அஞ்சு நிமிஷ வேலை" என்றேன்.

"நான் எழுதினா அது என் மனுப்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒன்பதாம் வகுப்பு கட்டுரைப் போட்டி ஞாபகம் இருக்கா?" என்றாள்.

எப்படி மறக்கும்? தண்ணீர்ச் சிக்கனம் என்று தலைப்பை முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். நான் எழுதினேன், அவள் மனப்பாடம் செய்து போய் எழுதினாள். மாவட்ட அளவில் முதல் பரிசு. சான்றிதழை லேமினேட் செய்து ஷோகேஸில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன், உங்களில் சிலருக்கும் காட்டியிருக்கிறேன்.

"நீங்க அதைக் காட்டும்போதெல்லாம் நான் உள்ள போயிடுவேன், கவனிச்சிருக்கீங்களா? கூச்சம்னு நினைச்சிருப்பீங்க. அது உங்க பரிசுப்பா. அதுக்கப்புறம் எது எழுதினாலும், அப்பா எழுதினா இதைவிட நல்லா இருக்கும்னுதான் தோணும். இங்க வந்து முதல் அறிக்கை திரும்பி வந்தப்ப அழுதேனே, அது மார்க்குக்காக இல்ல. எனக்குன்னு ஒண்ணு சொல்லத் தெரியலையேன்னு அழுதேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பதில் வரவில்லை. நான் அவளுக்கு உதவி செய்ததாகவே பதினைந்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இது முன்பே தெரியும் என்று அப்போதுதான் புரிந்தது.

அன்று ராத்திரி மனுவைத் திரும்ப எழுதினேன். ஒரே பக்கம். முதல் வரியில் இரண்டு தெருப் பெயரும் வடிகால் அடைப்பும். இரண்டாவது வரியில் என்ன செய்ய வேண்டும். கீழே ஒரு புகைப்படம். மகள் ஒரு வார்த்தைகூட எழுதித் தரவில்லை. இரண்டாவது தெருவில் வேலை நடந்ததும் நான்காவது தெருவில் இன்னும் நடக்காததும் உங்களுக்குத் தெரியும். மனுவால்தான் நடந்தது என்று சொல்லமாட்டேன். அந்த மனு என்னுடையது என்று மட்டும் சொல்வேன்.

இப்போது நம் சனிக்கிழமைப் படிப்பு நேரத்துக்கு வருகிறேன். வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளைகள், இஸ்திரி போடுபவர் வீட்டுப் பிள்ளைகள், வீட்டு வேலைக்கு வருகிற அம்மாக்களின் பிள்ளைகள், நம் பேரப்பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். நல்ல மனசோடுதான் நாம் உட்காருகிறோம். ஆனால் போன மாதம் கவனித்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி "எங்கள் ஊர்த் திருவிழா" என்று கட்டுரை எழுத வேண்டும். பெரியவர் ஒருவர் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது அவருடைய ஊர்த் திருவிழா. அவள் ஊர் எது என்று அவர் கேட்கவே இல்லை. அந்தப் பெரியவர் வேறு யாரும் இல்லை, நான்தான். இவ்வளவு பட்ட பிறகும் பழக்கம் போகவில்லை.

வீட்டுக்குப் போனபிறகுதான் உறைத்தது. அடுத்த வாரம் அவளிடம் கேட்டேன். தீமிதியன்று அவள் அம்மா பூக்குழி இறங்கியதையும், தான் பயந்து கண்ணை மூடிக்கொண்டதையும் சொன்னாள். "இதை எழுதலாமா தாத்தா?" என்றாள். நான் சொன்ன வாக்கியங்களில் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

"இப்போதுதான் சாட் ஜிபிடி வந்துவிட்டதே, இனி யார் எழுதப் போகிறார்கள்?" என்று முன்வரிசையில் நண்பர் கேட்கிறார். நல்ல கேள்வி. அது 2022 நவம்பர் இறுதியில் வெளிவந்தபோது என் மகள் டியூட்டராக முதல் பருவத்தில் இருந்தாள். அடுத்த பருவத்திலிருந்தே அது எழுதித் தந்த கட்டுரையோடு மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். பிழை ஒன்றும் இருக்காது. "இந்தப் பத்தியில் என்ன சொல்கிறாய்?" என்று கேட்டால் பதிலும் இருக்காது. என் மகளுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. அவள் வீட்டிலேயே ஒரு சாட் ஜிபிடி இருந்ததே, லுங்கி கட்டிக்கொண்டு!

ஆகவே படிப்பு நேரத்துக்கு வருகிறவர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். பிள்ளைக்கு எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். நோட்டு பிள்ளை பக்கம் இருக்கட்டும், உங்கள் பேனா சட்டைப்பையிலேயே இருக்கட்டும். முதலில் வாயால் சொல்லச் சொல்லுங்கள், பிறகு எழுதச் சொல்லுங்கள். பிழையைக் கடைசியில் பாருங்கள், அதுவும் ஒரு தடவைக்கு இரண்டு போதும். தெரியாத சொல்லைக் கேட்டால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள். மார்க் கொஞ்சம் குறையலாம். பெற்றோர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆங்கிலம் நன்றாகத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். கேட்கத் தெரிந்தால் போதும். சனிக்கிழமை மாலை 5 மணி முதல் 6.30 வரை. இப்போது நான்கு பேர் இருக்கிறோம், பிள்ளைகள் பதினேழு பேர். இன்னும் ஐந்து பேராவது வேண்டும். பெயரைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

அந்தச் சான்றிதழை ஷோகேஸிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது ஒன்றும் வைக்கவில்லை. மகள் தன் ஆய்வேட்டை முடித்ததும் ஒரு பிரதி கேட்டிருக்கிறேன். ஒரு வரியும் திருத்தமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். எழுதிக் கொடுத்துவிட்டேன்.